ரோட்டரி காருக்கு எக்ஸாஸ்ட் மாற்றப் போகிறீர்களா? பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாஸ்டா கம்பெனி இந்தியாவில் கார் விற்றதே இல்லை. இங்கே அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓடுகிற அதன் ரோட்டரி கார்கள், ஆர்.எக்ஸ்-8, ஆர்.எக்ஸ்-7 எல்லாம் தனித்தனியாக இறக்குமதியானவை. அதனால் எக்ஸாஸ்ட் மாற்ற நினைத்தால், போய்க் கேட்க ஒரு சர்வீஸ் சென்டர் கிடையாது. வெளிநாட்டு ஓனர்கள் சொல்வது அவர்கள் ஊர்ச் சட்டத்துக்கும் ரோட்டுக்கும் சரி. நம் ஊர் சைலன்சர் கடைக்காரருக்கோ பிஸ்டன் இன்ஜின்தான் பழக்கம். இரண்டுக்கும் நடுவில் அலைந்து திரிந்து நான் தெரிந்துகொண்டதை, எதை முதலில் செய்ய வேண்டுமோ அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். "சத்தம் நல்லா இருக்கணும்" என்று தொடங்கினால் பணமும் போகும், இன்ஜினும் போகும். ரோட்டரி இன்ஜினில் பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுற்றும், வால்வு கிடையாது. ரோட்டர் நகரும்போது எக்ஸாஸ்ட் போர்ட் சட்டென்று திறந்துகொள்ளும். புகை பிஸ்டன் இன்ஜினைவிடச் சூடாக வெளியே வரும், முழு மிதியில் 900 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகும். எரியாத பெட்ரோலும் கொஞ்சம் கூடவே வரும். ரோட்டரின் ஓரங்களிலுள்ள சீல்கள் தேயாமலிருக்க இன்ஜினுக்குள் விடப்படும் ஆயிலும் அதோடு சேர்ந்து எரிந்து வரும். இத்தனையையும் தாங்கி, அடைபடாமல், காதைக் கிழிக்காமல் வெளியேற்றுவதுதான் நல்ல எக்ஸாஸ்ட். கீழே வருகிற எல்லா முடிவுக்கும் இதுதான் அளவுகோல்.

1. எக்ஸாஸ்டைத் தொடுவதற்கு முன் இன்ஜினைச் சோதியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். உடம்பு சரியில்லாத இன்ஜினில் புது எக்ஸாஸ்ட் மாட்டினால் பழி எக்ஸாஸ்ட்மேல் விழும். உண்மையான கோளாறு உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்.

முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது இன்ஜினுக்குள் எவ்வளவு அழுத்தம் சேர்கிறது என்று அளப்பது. ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று முகம். சாதாரண பிஸ்டன் கேஜ் அந்த மூன்றில் பெரிய எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும், ஒரு சீல் போயிருந்தாலும் காட்டாது. மூன்று முகத்தையும் தனித்தனியாக எழுதிக் கொடுக்கிற ரோட்டரி டெஸ்டர் வேண்டும். கிடைக்காவிட்டால், கேஜில் காற்றைப் பிடித்து வைக்கிற சின்ன வால்வை எடுத்துவிட்டு, முள் மூன்று முறையும் ஒரே அளவு துள்ளுகிறதா என்று பார்க்கலாம். அதை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.எக்ஸ்-8-க்கு மாஸ்டா சொல்கிற அளவு, 250 ஆர்.பி.எம்.மில் 830 கிலோ பாஸ்கல். குறைந்தது 680 இருக்க வேண்டும். ஆனால் பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தமே பத்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் எண்ணும் அந்த அளவுக்குக் குறைவாகத்தான் வரும். இதை யோசிக்காமல் "இன்ஜின் போச்சு சார், ரீபில்டு பண்ணணும்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உயரத்துக்கான கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு எடுங்கள். மூன்று முகத்துக்கும் நடுவில் வித்தியாசம் எவ்வளவு என்பதும் அதே அளவு முக்கியம்.

அடுத்தது இக்னிஷன் காயில். ஆர்.எக்ஸ்-8-ல் காயில்கள் சோர்ந்துபோவது சகஜம். ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியவை என்றால் சந்தேகத்தோடு பாருங்கள். காயில் சரியாகப் பொறி கொடுக்காவிட்டால் எரியாத பெட்ரோல் நேராகப் புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் (சுருக்கமாக 'கேட்') போய் அங்கே எரியும். உள்ளே இருக்கிற தேன்கூடு போன்ற பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். புகைக்கு வழியில்லாமல் சூடு இன்ஜினுக்கே திரும்பி, சைடு சீலிலிருந்து வரிசையாகப் போகும். செக் இன்ஜின் லைட் நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால், கேட் இந்த நிமிஷம் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மிதியிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, இப்போதுள்ள எக்ஸாஸ்டில் அடைப்பு இருக்கிறதா என்பது. முன்பக்க ஆக்ஸிஜன் சென்சரைக் கழற்றி, அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டி, இன்ஜின் சூடான பிறகு 2500 ஆர்.பி.எம்.மில் பிடித்துப் பாருங்கள். 3 பி.எஸ்.ஐ.யைத் தாண்டினால் அடைப்பு இருக்கிறது. "வண்டி மேலே இழுக்கவே மாட்டேங்குது, பெரிய எக்ஸாஸ்ட் போட்டால் சரியாகிடும்" என்று வருகிறவர்கள் பலருடைய பிரச்சினை உருகிப்போன கேட்தான். கேட்டை மாற்றினாலே வண்டி பழையபடி ஓடும்.

2. உங்கள் கார் எது என்பதைப் பொறுத்து எதிர்பார்ப்பை வையுங்கள்

ஆர்.எக்ஸ்-8-ன் இன்ஜினில் எக்ஸாஸ்ட் போர்ட் பக்கவாட்டில் இருக்கிறது, டர்போ இல்லை. இதில் கேட்டுக்குப் பின்னால் வருகிற பகுதியை, அதாவது கேட்-பேக் செட்டை மட்டும் மாற்றினால் பவர் சொல்லிக்கொள்ளும்படி கூடாது. எடை குறையும், சத்தத்தின் தன்மை மாறும், 9000 ஆர்.பி.எம். வரை போகும்போது மனசுக்குச் சந்தோஷமாக இருக்கும். அவ்வளவுதான். இருபது முப்பது குதிரைத்திறன் கூடும் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். இன்ஜினிலிருந்து புகையை வாங்குகிற முதல் பைப்பான ஹெடருக்குச் செலவழிப்பதும் இந்தக் காரில் வீண் என்பதே என் கருத்து.

ஆர்.எக்ஸ்-7, அதிலும் 1990-களின் இரட்டை டர்போ மாடல் என்றால் கதை நேர்மாறு. அதில் எக்ஸாஸ்டைத் திறந்துவிட்டால் பவர் நிஜமாகவே கூடும். ஆபத்தும் அதனால்தான். புகைக்குத் தடை குறையும்போது டர்போ வேகமாகச் சுற்றும். பூஸ்ட்டை, அதாவது டர்போ தள்ளுகிற காற்றின் அழுத்தத்தை, அடக்க வேண்டிய வேஸ்ட்கேட் வால்வால் அடக்க முடியாமல் பூஸ்ட் தானாக ஏறிக்கொண்டே போகும். இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான கம்பெனி ஈ.சி.யூ. அந்த அளவுக்குப் பெட்ரோல் கொடுக்கத் தெரியாதது. பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்கிற நாக்கிங் ஒரே ஒன்று போதும், ரோட்டர் முனையிலுள்ள அபெக்ஸ் சீல் உடைந்துவிடும். டர்போவுக்கு அடுத்த டவுன்பைப், கேட் இல்லாத நடு பைப், பெரிய சைலன்சர் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கம்பெனி ஈ.சி.யூ.விலேயே ஓட்டுவது இன்ஜினைக் கொல்லும் வழி. பூஸ்ட் கேஜ், ஏபெக்ஸி பவர் எஃப்.சி. போல டியூன் செய்யக்கூடிய ஈ.சி.யூ., ரோட்டரி தெரிந்த டியூனர் என மூன்றுக்கும் பணம் ஒதுக்கிய பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும். அந்தப் பணம் இப்போது இல்லையென்றால் சைலன்சரை மட்டும் மாற்றிக்கொண்டு நிறுத்துங்கள்.

இனி சொல்வது பெரும்பாலும் ஆர்.எக்ஸ்-8-ஐ மனதில் வைத்து.

3. சட்டம் என்ன சொல்கிறது, எந்தக் காகிதம் வேண்டும்

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 182ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. சத்தமும் புகையும் வரம்பை மீறினால் 190-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு வரும். முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும், அதோடு லைசென்ஸும் மூன்று மாதத்துக்குப் போகும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-வது, ஒவ்வொரு வண்டியிலும் சத்தத்தைக் குறைக்கிற சைலன்சர் இருந்தே ஆக வேண்டும் என்கிறது. அதாவது வெறும் நேர்ப் பைப் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பெங்களூர் டிராஃபிக் போலீஸ் பறிமுதல் செய்த சைலன்சர்களை ரோட்டில் அடுக்கி ரோடு ரோலர் ஏற்றியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அவை பெரும்பாலும் பைக் சைலன்சர்கள். ஆனால் யாரும் பார்த்திராத ஒரு கார், விசித்திரமான சத்தத்தோடு சிக்னலில் வந்து நின்றால் கை காட்டத்தான் செய்வார்கள். அப்போது உங்களைக் காப்பாற்றுவது அடக்கமான சத்தமும் ஒழுங்கான காகிதமும்தான்.

வண்டியிலேயே இருக்க வேண்டியவை: ஆர்.சி., இன்ஷூரன்ஸ், எமிஷன் டெஸ்ட் சர்டிஃபிகேட். டிஜிலாக்கரில் இருந்தாலும் செல்லும். இறக்குமதி வண்டி என்பதால் அதன் பில் ஆஃப் என்ட்ரி (கஸ்டம்ஸில் கொடுத்த இறக்குமதிப் படிவம்) நகல் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள சேஸிஸ் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் எக்ஸாஸ்ட் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்யுங்கள். கார்னேயில், அதாவது தற்காலிக இறக்குமதி அனுமதியில், வந்து திரும்பிப் போகாத வண்டியை யாராவது உங்கள் தலையில் கட்டியிருந்தால், அதில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் ஏற்றிக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். பாகம் வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டும். வாய்மொழியாக "பரவாயில்லை சார்" என்று ஏஜென்ட் சொல்வதற்கு க்ளெய்ம் நாளில் மதிப்பில்லை. ஈமெயில் பதில் வாங்குங்கள்.

4. கேட்டை எடுக்காதீர்கள்

எந்த ஒர்க்‌ஷாப்பில் நுழைந்தாலும் முதலில் வருகிற யோசனை இதுதான்: "கேட்டைத் தூக்கிடலாம் சார், வண்டி பறக்கும்." நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் ரோட்டரியில் கேட்டை எடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். சத்தம் சகிக்க முடியாது. பின்னால் வருகிறவர் மூக்கைப் பொத்துகிற அளவுக்கு நாற்றம் வரும். பின்பக்க ஆக்ஸிஜன் சென்சர் செக் இன்ஜின் லைட்டைப் போட்டுவிடும். எமிஷன் டெஸ்டிலும் தேற முடியாது. கேட் விழுங்கிக்கொண்டிருந்த சூடெல்லாம் நேராகச் சைலன்சருக்குப் போய் அதன் உள் பஞ்சை எரித்துவிடும்.

கேட் கெட்டுப்போயிருந்தால் கேட்டே வாங்கிப் போடுங்கள். கம்பெனி கேட் விலை மலைப்பாக இருந்தால், உலோகத் தேன்கூடு உள்ள 200 செல் வகை ஹை-ஃப்ளோ (புகைக்குத் தடை குறைவான) கேட் ஒரு வழி. அது ரோட்டரியின் சூட்டைப் பீங்கானைவிட நன்றாகத் தாங்கும். வாங்கும்போது ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பாருங்கள். சீரான சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிய வேண்டும். வெறும் பைப்பாகத் தெரிந்தால் அது கேட் இல்லை, கேட் போல வெல்டு செய்த டப்பா. இதை விற்கிறவர்கள் உண்டு.

இன்னொன்று, பழைய கேட்டைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது, பழைய இரும்புக்காரர்கள் நல்ல விலைக்கு எடுப்பார்கள். "டிஸ்போஸ் பண்ணிடறோம் சார்" என்றால், "வேண்டாம்ணா, நானே எடுத்துக்கிறேன்" என்று சொல்லி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள்.

5. சைலன்சரைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

*உள்ளே என்ன அடைத்திருக்கிறது?* நேராகப் புகை போகிற சைலன்சரில், ஓட்டை போட்ட உள் குழாயைச் சுற்றிப் பஞ்சு அடைத்திருப்பார்கள். மலிவான சைலன்சரில் இது வெறும் கண்ணாடிப் பஞ்சு. ரோட்டரியின் சூட்டில் அது நொறுங்கித் தூளாகி, வால் குழாய் வழியாக வெள்ளை நார் நாராக வெளியே பறக்கும். விரலால் தொட்டால் அரிக்கும். மாட்டிய புதிதில் அருமையாக இருந்த சத்தம், சில மாதத்தில் தகர டப்பாவைத் தட்டுவது போல ஆவது இதனால்தான். உள் குழாயை ஒட்டி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பளி, அதற்கு வெளியே பஞ்சு என்று இரண்டு அடுக்காக இருந்தால் நல்லது. விற்கிறவரிடம் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் திரும்பத் திறந்து அடைக்கக்கூடிய மாடலா என்றாவது கேளுங்கள். ரேசிங் பீட், ஆர்.இ. அமெமியா போன்ற ரோட்டரிக்கென்றே வேலை செய்த பெயர்களுக்கு இருக்கும் மதிப்பு இந்தச் சூட்டைத் தெரிந்து செய்ததால் வந்தது.

*என்ன உலோகம்?* 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் போதும். நம் ஊரில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. "காந்தம் ஒட்டலை பாருங்க, 304" என்று காட்டுவார்கள். பாத்திரக்கடைத் தரமான 202 கிரேடிலும் காந்தம் ஒட்டாது. 202 சூட்டிலும் ஈரத்திலும் சீக்கிரம் துருப்பிடிக்கும். சொட்டு விட்டு நிறம் பார்க்கிற டெஸ்ட் திரவம் ஸ்டீல் வியாபாரிகளிடம் இருக்கும், கண்ணெதிரே ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். அல்லது மில் டெஸ்ட் சர்டிஃபிகேட் கேளுங்கள். டைட்டானியம் எடை குறைவுதான், ஆனால் நம் ஹம்ப்பில் இடித்து நசுங்கினால் இங்கே வெல்டு செய்ய ஆள் தேட வேண்டும்.

*டிரோன் (கேபினுக்குள் கேட்கும் ரீங்காரம்).* மொத்த வேலையில் மனிதர்கள் அதிகம் வருத்தப்படுவது இதற்குத்தான், யாரும் முன்கூட்டிச் சொல்வதுமில்லை. இரண்டு ரோட்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு எக்ஸாஸ்ட் துடிப்பு. 3000 ஆர்.பி.எம்.மில் வினாடிக்கு 100 துடிப்பு. அந்த 100 ஹெர்ட்ஸ் ஓசை கார் கேபினுக்குள் ரீங்காரமாக நிறைந்து தலைவலி கொடுக்கும். ஓசூர் ரோட்டில் கிருஷ்ணகிரி வரை ஒரே வேகத்தில் போனால் அந்த ஆர்.பி.எம். பக்கத்திலேயேதான் முழு நேரமும் இருப்பீர்கள். வீடியோவில் கேட்கும் சத்தத்தில் இது தெரியவே தெரியாது. அதனால் ரெசனேட்டர் (குறிப்பிட்ட ஓசைகளை அடக்குகிற கூடுதல் டப்பா) உள்ள செட்டையே வாங்குங்கள், ரெசனேட்டர் இல்லாதது விலை குறைவு என்று ஏமாற வேண்டாம். ஏற்கெனவே மாட்டிவிட்டீர்கள் என்றால் ஒரு வழி இருக்கிறது: மெயின் பைப்பிலிருந்து கிளை போல ஒரு பைப்பை எடுத்து அதன் முனையை மூடிவிடுவது. சூடான புகையில் ஒலி வினாடிக்குச் சுமார் 520 மீட்டர் போகும். அதை நூறால் வகுத்து, அதில் கால் பங்கு எடுத்தால் கிளையின் நீளம் 1.3 மீட்டர். காருக்கு அடியில் இடம் பார்த்து வளைத்து வைத்தால் அந்த ஒரு ரீங்காரம் மட்டும் அடங்கும், மற்ற சத்தம் அப்படியே இருக்கும்.

*அளவும் உயரமும்.* ஆர்.எக்ஸ்-8-க்கு இரண்டரை அங்குலப் பைப் தாராளம். மூன்று அங்குலம் சத்தத்தைத் தவிர வேறெதையும் கூட்டாது, அடியில் இடத்தை மட்டும் அடைக்கும். நம் ஊர் ஹம்ப்புகள் எந்த அளவுக்கும் கட்டுப்பட்டவை இல்லை. இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, உங்கள் தெருவிலேயே மோசமான ஹம்ப்பில் மெதுவாக ஏற்றி, அடியில் எங்கே தட்டுகிறது என்று இப்போதே பாருங்கள். ஏற்கெனவே தட்டுகிறது என்றால் இன்னும் கீழே தொங்குகிற எதையும் வாங்க முடியாது. 2009 மாடலிலிருந்து வந்த ஆர்.எக்ஸ்-8-ல் பின் பம்பர் வடிவம் மாறியது, வால் முனை அதில் பொருந்துமா என்று ஆர்டருக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. இறக்குமதி செலவுக் கணக்கு

வெப்சைட்டில் பார்க்கிற விலை உங்கள் விலை இல்லை. மூன்று இடத்தில் பணம் கூடும்.

ஒன்று, கூரியர் எடை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குப் பணம் கேட்பார்கள். 150 × 60 × 40 பெட்டி என்றால் 72 கிலோ. உள்ளே இருப்பது 20 கிலோ எக்ஸாஸ்டாக இருந்தாலும் 72 கிலோவுக்குத்தான் பில். விற்பவரிடம் பெட்டி அளவைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

இரண்டு, கஸ்டம்ஸ். சைலன்சரும் எக்ஸாஸ்ட் பைப்பும் 8708 92 00 என்ற தலைப்பில் வரும். அடிப்படை வரி 15 சதவீதம், அந்த வரியின்மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, எல்லாவற்றையும் சேர்த்த தொகைமேல் ஐ.ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பாகம் ஒரு லட்சம், கூரியர் நாற்பதாயிரம் என்று வையுங்கள். விமானத்தில் வரும் சரக்குக்கு, பாகத்தின் விலையில் 20 சதவீதம் வரைதான் கூரியர் கட்டணம் வரிக்கணக்கில் சேரும். அதனால் வரி போடுவது 1,20,000-க்கு. அடிப்படை வரி 18,000, கூடுதல் வரி 1,800, பிறகு 1,39,800-க்கு 18 சதவீதம் 25,164. மொத்தம் 44,964 ரூபாய் வரி. ஆக, லட்சம் ரூபாய்ப் பாகம் வீட்டுக்கு வரும்போது 1,84,964. டிரான்சிட் இன்ஷூரன்ஸ், கூரியர்காரரின் க்ளியரன்ஸ் கட்டணம், கார்டுக்கு வங்கி பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம் இதில் சேரவில்லை.

மூன்று, தாமதம். சரக்கு தேவனஹள்ளி ஏர் கார்கோவில் நின்றுவிட்டால் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். அனுப்பும்போதே ஆதார் அல்லது பான், பாகத்தின் பெயரும் விலையும் தெளிவாக எழுதிய இன்வாய்ஸ், பணம் கட்டிய ரசீது மூன்றையும் தயாராக வையுங்கள். சொந்த உபயோகத்துக்கு என்றால் இறக்குமதி வியாபாரிகளுக்கான ஐ.இ.சி. எண் தேவையில்லை, ஆனால் ஒன்றுக்கு மேல் ஆர்டர் செய்தால் கேள்வி வரும். விற்பவர் "விலையைக் குறைத்துப் போட்டு அனுப்பவா?" என்று கேட்டால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். அதிகாரி அதே பாகத்தின் விலையை இணையத்தில் பார்க்க அரை நிமிஷம் ஆகாது.

7. பாதி இறக்குமதி, பாதி பீன்யா

எனக்குப் பிடித்த வழி இதுதான். சைலன்சரையும் ரெசனேட்டரையும் மட்டும் வெளியிலிருந்து வரவழைத்துவிட்டு, நடுவில் வரும் பைப்பை இங்கேயே செய்துகொள்வது. பெட்டி சின்னதாகிவிடும், கூரியர் கட்டணமும் அதோடு வரியும் கணிசமாக இறங்கும். பீன்யாவில் ஸ்டெயின்லெஸ் வேலை செய்கிற சின்னப் பட்டறைகள் ஏராளம். மருந்துக் கம்பெனிக்கும் பால் டெய்ரிக்கும் பைப் போடுகிறவர்களின் ஆர்கான் வெல்டிங் சுத்தம், சாதாரண சைலன்சர் கடையில் பார்க்கக் கிடைக்காது. அங்கே தமிழில் பேசி வேலை வாங்குவதும் சிரமமில்லை.

அவர்களிடம் சொல்ல வேண்டியது: வளைவுகள் நசுங்காத மாண்ட்ரல் பெண்ட்டாக இருக்க வேண்டும். வெல்டு செய்யும்போது பைப்புக்கு உள்ளேயும் ஆர்கான் விட வேண்டும். விடாவிட்டால் உள்பக்கம் கருகிப் பொருக்குத் தட்டி, வெல்டு அங்கேயே விரிசல் விடும். ஆக்ஸிஜன் சென்சருக்கான நட்டு எம்18, 1.5 பிட்ச். அதைப் பைப்பின் மேல்பாதியில், படுக்கை வாட்டத்துக்கு 10 டிகிரியாவது மேலே சாய்த்து வைக்க வேண்டும். கீழே வைத்தால் தண்ணீர் தேங்கி சென்சர் போய்விடும். முன்பக்கச் சென்சரின் இடத்தை மாற்றவே வேண்டாம்.

கேஸ்கெட், ஹேங்கர் ரப்பர், கிளாம்ப் எல்லாம் ஜே.சி. ரோட்டில் கிடைக்கும். பழையதைக் கையில் எடுத்துப் போய் அளவு பாருங்கள். ரப்பரை மட்டும் பழையதையே மாட்டாதீர்கள். சூட்டில் இறுகிப்போனது ஹம்ப்பில் அறுந்துவிடும்.

8. மாட்டுகிற நாள்

முதல்நாள் இரவே ஃப்ளேஞ்ச் (பைப்புகளை இணைக்கும் தட்டு) நட்டுகளில் டபிள்யூ.டி.-40 போல ஊறவைக்கும் ஸ்ப்ரே அடித்துவிடுங்கள். துருப்பிடித்த ஸ்டட் உடைந்தால் அரை நாள் வேலை இரண்டு நாளாகும்.

ரோட்டரிக்கு மட்டுமே உள்ள ஒரு விஷயத்தைக் கடையில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்: ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, லிஃப்ட்டிலிருந்து பத்தடி நகர்த்தி, உடனே ஆஃப் செய்யக்கூடாது. பெட்ரோல் உள்ளேயே தேங்கி, பிளக் நனைந்து, அப்புறம் ஸ்டார்ட் ஆகவே ஆகாது. தள்ளி நகர்த்தட்டும், இல்லையென்றால் இன்ஜின் முழுச் சூடு வரும்வரை ஓடட்டும். ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டிவிட்டு வருவது நல்லது, ஏனென்றால் வண்டியை நகர்த்துகிறவர் நீங்கள் பேசியவராக இருக்க மாட்டார்.

காரில் வைத்தே வெல்டு செய்வதாக இருந்தால் பேட்டரியைக் கழற்ற வேண்டும். கேட்டுக்கு மேலே உள்ள ஹீட் ஷீல்டுகள் "சத்தம் போடுது" என்று எடுத்துப் போடப்படும். ஒன்றுகூட விடாமல் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். காருக்கு அடியிலுள்ள சூடு உங்கள் கால் கார்ப்பெட்டைத் தொடாமல் தடுப்பது அந்தத் தகடுதான்.

கழற்றுவதற்கு முன்பே பழைய எக்ஸாஸ்டின் சத்தத்தை அளந்து வையுங்கள். வால் முனையிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில், அதே உயரத்தில், ஒரே ஆர்.பி.எம்.மில். போன் ஆப் போதும். அது சரியான டெசிபல் காட்டாவிட்டாலும், அதே இடத்தில் அதே போனில் புதியதை அளக்கும்போது வித்தியாசம் தெரியும். காலையில் கோல்டு ஸ்டார்ட்டில் ஆர்.பி.எம். உயர்ந்து நிற்கும் நேரத்தையும் அளந்துகொள்ளுங்கள். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் புகார் வருவது அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான்.

9. மாட்டிய பிறகு

முதலில் கசிவு பாருங்கள். ஆறிய இன்ஜினை ஓடவிட்டு, பழைய துணியால் வால் முனையை ஒரு நொடி மூடினால் கசிகிற இடத்தில் புஸ்ஸென்று கேட்கும். அதன் பிறகு இன்ஜின் முழுச் சூடு வரும்வரை ஓடவிட்டே ஆஃப் செய்யுங்கள், மேலே சொன்ன அதே காரணம்தான். இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டையும் திரும்ப இறுக்க வேண்டும். சூட்டில் விரிந்து சுருங்கித் தளர்ந்திருக்கும்.

அப்புறம் உடனே எமிஷன் டெஸ்ட். பழைய சர்டிஃபிகேட் இன்னும் செல்லும் என்றாலும் புதிதாக எடுங்கள், மாற்றிய பிறகும் வண்டி தேறுகிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ஆர்.சி.யில் பி.எஸ்.-4 என்றிருந்தால் ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம்.முக்குள் வர வேண்டும். 2500 ஆர்.பி.எம். பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு 0.2-க்குள், காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டுகிற லாம்டா 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில். சின்னக் கசிவு இருந்தால்கூட வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு லாம்டா 1.03-ஐத் தாண்டிவிடும், இன்ஜினில் ஒரு குறையும் இல்லாமலே ஃபெயில் ஆகும். டெஸ்ட் செண்டருக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து போகாமல், இருபது நிமிஷமாவது நன்றாக ஓட்டிக் கேட் சூடான பிறகு போங்கள். வரிசை நீளமாக இருந்தால் ஆறிவிடும். வார நாள் காலைதான் நல்ல நேரம்.

பழைய கம்பெனி சைலன்சரைத் தூக்கிப் போடாதீர்கள், விற்கவும் வேண்டாம். உள்ளே இருக்கும் ஈரம் காயவிட்டு, இரண்டு முனையையும் பிளாஸ்டிக்கால் கட்டி, ஹேங்கர், போல்ட்டுகளோடு பரணில் போட்டுவையுங்கள். போலீஸ் எழுதிவிட்டால் திரும்ப மாட்ட அது வேண்டும். வேறு மாநிலத்துக்குப் பதிவு மாற்றும்போதும், ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆய்வுக்கு வண்டியைக் கொண்டுபோகும்போதும் அதுதான் மாட்டியிருக்க வேண்டும்.

சத்தத்தின்மேல் உண்மையான ஆசை இருப்பவர்கள் இன்னொரு செட் வைத்துக்கொண்டு, வண்டியை ட்ரெய்லரில் ஏற்றி கோவை காரி டிராக்குக்கோ சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கோ கொண்டுபோகலாம். அங்கே திறந்துவிட்டு ஓட்டுங்கள். டிராக் நாளுக்குப் பதிவு செய்யும்போதே அங்கேயும் சத்தத்துக்கு வரம்பு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரோட்டுச் செட்டுக்கும் டிராக் செட்டுக்கும் ஒரே ஃப்ளேஞ்ச் வைத்துச் செய்யச் சொன்னால் மாற்ற ஒரு மணி நேரம் போதும். கேஸ்கெட் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிது.